தீவுக்குப் போன இழை

(ஆரணியில் நடந்த மாலைக் கூட்டமொன்றில் பேசியது. அச்சுக்காகச் சில இடங்கள் செப்பனிடப்பட்டுள்ளன.)



வெளியூரில் ஆரணி என்று சொன்னதும், "பட்டுக்குப் பேர்போன ஆரணியா?" என்றுதான் கேட்பார்கள். "இல்லைங்க, பெரியபாளையத்துக்குப் பக்கத்து ஆரணி, ஆரணியாற்று ஆரணி" என்று 2017 முதல் 2023 வரை அந்தமானில் ஆயிரம் பேரிடமாவது சொல்லியிருப்பேன். அந்த ஆறு வருடங்களைப் பற்றிப் பேசத்தான் என்னை அழைத்திருக்கிறீர்கள்.

இந்தப் பேச்சுக்குக் காரணம் நம் தெருப் பிள்ளைகள். தென்னை மரம், நீலக்கடல், மடியில் கணினி என்று கைபேசியில் படம் பார்த்துவிட்டு, "அண்ணா, தீவுல உக்காந்துகிட்டே சம்பாதிக்கலாமாமே, நெசமா?" என்று கேட்கிறார்கள். நிஜம்தான். நானே செய்திருக்கிறேன். ஆனால் படத்தில் தெரியாத பாதி ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் "ஆமாம், போங்கள்" என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் தொழில் இரும்புக் கட்டுமானங்களுக்கு வரைபடம் போடுவது. ஒரு ஷெட் எழுப்புகிறார்கள் என்றால், எந்தத் தூணில் எத்தனை தகடு, எந்தத் தகட்டில் எத்தனை ஓட்டை, ஓட்டைக்கும் ஓட்டைக்கும் எவ்வளவு இடைவெளி என்று மில்லிமீட்டர் கணக்கில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஷாப் டிராயிங் என்பார்கள். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பன்னிரண்டு வருடம் அந்த வேலை பார்த்தேன். என் மனைவிக்கு போர்ட் பிளேயரில் அரசுப் பணி கிடைத்தது. வேலையை விட்டுவிடுவதாகச் சொல்லப் போனேன். "வரைபடம்தானே, அங்கிருந்தே அனுப்புங்களேன்" என்றார்கள். அன்றைக்கு அது பெரிய கருணையாகத் தெரிந்தது. தீவில் இருப்பவனுக்கு என்ன செலவு என்று சொல்லிச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்தது, போய்ச் சேர்ந்த பிறகு வந்த முதல் சீட்டில்தான் தெரிந்தது. நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். தீவில் அரிசி, பருப்பு, வெங்காயம், சிமெண்டு எல்லாமே கப்பலேறி வருகின்றன. அங்கே வாழ்வதற்கு இங்கே ஆவதைவிட அதிகம் ஆகும். போகிற பிள்ளைகள் சம்பளப் பேச்சை இங்கேயே முடித்துக்கொண்டு போங்கள்.

நம் பக்கத்துக்காரர்களுக்குத் தீவு புதிதல்ல. நம் ஆறு ஆந்திரத்துப் பிச்சாட்டூர் பக்கமிருந்து ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், நம் ஊர், பொன்னேரி என்று வந்து பழவேற்காட்டு ஏரிப் பக்கம் போய்ச் சேர்கிறது. அந்தப் பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-ல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். எதற்கு? நம் பகுதி நெசவாளிகளின் துணிக்காக. சாவகத்திலும் மொலுக்காஸ் தீவுகளிலும் ஜாதிக்காயும் கிராம்பும் வாங்க வேண்டுமானால் அங்குள்ளவர்கள் வெள்ளிக்காசைவிடத் துணியை விரும்பிக் கேட்டார்கள். எந்தத் தீவில் எந்தக் கட்டம், எந்தக் கரை, எந்தச் சிவப்பு செல்லும் என்று மாதிரித் துணி இங்கே வரும். வியாபாரி முன்பணத்தோடு நெசவாளி வீட்டுக்குக் கொண்டுபோவார். தறி வீட்டில், வாடிக்கையாளர் கடல் தாண்டி. இன்றும் மலாய்க்காரர்கள் கைலியை 'காயின் பெலிக்காட்' என்கிறார்கள். பெலிக்காட் என்பது பழவேற்காடுதான். தொலைவிலிருந்து வேலை என்று இப்போது புதிதாகச் சொல்கிறோம். நானூறு வருடத்துக்கு முன்பு இந்த மண்ணின் நெசவாளி அதைச் செய்துகொண்டிருந்தார்.

அதே துறைமுகத்திலிருந்து மனிதர்களும் ஏற்றப்பட்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில், பஞ்ச காலங்களில், நம் கரையோர மக்களை அடிமைகளாக வாங்கிச் சாவகத் தீவின் படாவியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அவர்களும் வெப்பமண்டலத் தீவில் நெடுங்காலம் தங்கி வேலை பார்த்தவர்கள்தான். ஊர் திரும்ப அவர்களுக்குக் கப்பல் இல்லை. அந்தமானுக்கும் அப்படி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. அங்கே 1858-ல் தண்டனைக் குடியிருப்பு தொடங்கியது. 1906-ல் செல்லுலார் சிறை கட்டி முடிக்கப்பட்டது. அந்தச் செங்கல் சுவர் ஓரமாக நான் மாலையில் நடப்பேன். கையில் திரும்பி வரும் சீட்டோடு ஒரு தீவுக்குப் போகிறவனும், சீட்டில்லாமல் அனுப்பப்பட்டவனும் ஒரே கடலைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அது ஒரே கடலாக இருக்க முடியாது. ஆறு வருடமும் இதை நான் மறக்கவில்லை.

இப்போது இழைக்கு வருகிறேன்.

நான் போனபோது அந்தமானுக்கும் நமக்கும் நடுவே தகவல் போக இருந்த வழி வானம்தான், செயற்கைக்கோள். அது நிலநடுக்கோட்டுக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. நான் "அலோ" என்றால் அது மேலே போய்க் கீழே இறங்கி இங்கே வரக் கால் நொடி. இங்கிருந்து பதில் வர இன்னொரு கால் நொடி. அரை நொடிதானே என்று தோன்றும். பேசிப் பாருங்கள். பட்டறை மேற்பார்வையாளர் இங்கிருந்து, "அண்ணே, கஸ்ஸட் பிளேட்டுல ஓட்டை பொருந்தல" என்பார். சத்தமே இல்லையே என்று நான் பேச ஆரம்பித்தால், அதே நேரம் அவரும் பேச ஆரம்பித்திருப்பார். இரண்டு பேரும் நிறுத்துவோம். இரண்டு பேரும் மறுபடி ஒரே நேரத்தில் ஆரம்பிப்போம். கடைசியில் வயர்லெஸ் போலீஸ்காரர்கள் மாதிரி, பேசி முடித்ததும் "சரி" என்று ஒரு சொல் சொல்வது என ஒப்பந்தம் செய்துகொண்டோம். அந்தப் பழக்கம் இன்னும் எனக்குப் போகவில்லை.

குரலாவது போனது. ஒரு ஷெட்டின் முழு வரைபடத் தொகுப்பு அறுபது எம்.பி. வரும். ராத்திரி பதினொன்றுக்கு ஏற்றத் தொடங்குவேன். அப்போதுதான் ஊர் தூங்கி, வழி கொஞ்சம் காலியாகும். திரையில் அந்தப் பச்சைக் கோடு எறும்பு மாதிரி நகரும். தொண்ணூறு சதவீதத்தில் வந்து நின்றுவிட்டால் மறுபடி முதலிலிருந்து ஏற்ற வேண்டும். பலமுறை பென் டிரைவில் போட்டு, விமான நிலையத்துக்குப் போய், சென்னைக்குக் கிளம்பும் தெரிந்தவர் யாரிடமாவது கொடுத்திருக்கிறேன். மீனம்பாக்கத்தில் கம்பெனிப் பையன் வாங்கிக்கொள்வான். 1,300 கிலோமீட்டருக்கு மேல் பறந்து போன அந்தப் பென் டிரைவ், என் வீட்டு இணையத்தைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்தது.

2018 டிசம்பர் 30-ஆம் தேதி சென்னை–அந்தமான் கடலடிக் கேபிளுக்கு அடிக்கல் நாட்டினார்கள். 2020 ஆகஸ்ட் 10-ஆம் தேதி அது திறக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம், ஏறக்குறைய 1,224 கோடி ரூபாய் செலவு. சென்னையிலிருந்து போர்ட் பிளேயர், அங்கிருந்து ஹேவ்லாக், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார், லாங் ஐலண்ட், ரங்கத் வரை போகிறது. உள்ளே இருப்பது தலைமுடி பருமனுள்ள கண்ணாடி இழைகள். அதில் ஒளி நொடிக்கு இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னைக்குப் போய்ச் சேர நொடியில் நூறில் ஒரு பங்குகூட ஆவதில்லை. ஆகஸ்டு மாதம் அந்த வாரத்தில் ஒரு நாள், வழக்கம்போல ராத்திரி பதினொன்றுக்கு உட்கார்ந்து அனுப்பு பொத்தானை அழுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு வரலாம் என்று எழுந்தேன். நின்ற இடத்திலேயே திரும்பிப் பார்த்தேன், போய்விட்டிருந்தது. மனைவியை எழுப்பிச் சொன்னேன். "காலையில சொல்லக் கூடாதா" என்றாள். காலையில் சொல்ல முடியாத சந்தோஷம் அது.

அதே வருடம் உலகத் தீவுகள் பலவும் இந்த வழியில் இறங்கின. ஜூலையில் பார்படோஸ், ஒரு வருடம் இங்கே இருந்து உங்கள் ஊர் வேலையைப் பாருங்கள் என்று தனி விசா கொடுத்தது. அடுத்த சில மாதங்களில் மொரீசியஸும் அப்படியே அறிவித்தது. ரூபாய் நோட்டில் தமிழ் அச்சடிக்கும் நாடு அது. தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை விடும் தீவு. நம் பிள்ளைகளுக்கு அங்கே ஓர் ஈர்ப்பு இருப்பது இயல்பு. இந்த விசாக்கள் எல்லாம் முதலில் கேட்பது வருமானக் கணக்கைத்தான். எவ்வளவு வரும், காட்டு என்கின்றன. வருகிறவன் தீவிலிருந்து என்னென்ன எடுத்துக்கொள்வான் என்ற கணக்கைத் தீவுக்காரர்தான் போட வேண்டியிருக்கிறது.

அந்தக் கணக்கை எனக்குப் போட்டுக் காட்டியவர் எங்கள் வீட்டுக்கார அம்மா. அவருடைய மாமனார் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். 2011 கணக்கெடுப்பில் அந்தமான் நிக்கோபார் மக்கள்தொகை 3,80,000-ஐ ஒட்டி. அதில் ஏறக்குறைய பதினைந்து சதவீதம் தாய்மொழி தமிழ். அபர்தீன் பஜாரில் தமிழிலேயே மளிகை வாங்கலாம். வெற்றிமலை முருகன் கோயிலில் பங்குனி உத்திரம் பார்க்கலாம். ஆனால் தெருவில் எல்லோரையும் சேர்ப்பது இந்திதான். வங்காளியும் தெலுங்கரும் தமிழரும் ராஞ்சிக்காரரும் கலந்து பேசும் ஓர் அந்தமான் இந்தி.

நாங்கள் குடிபோனது பிப்ரவரி மாதம். முதல் வாரம் நான் தினமும் இரண்டு தடவை குளித்தேன், புழுக்கம். நான்காம் நாள் குழாய் திறந்தால் காற்று வந்தது. மாடியிலிருந்து அம்மா இறங்கி வந்தார். கையில் ஒரு நீல டிரம்மின் மூடி. "தம்பி, மூணு நாளைக்கு ஒருக்காத்தான் தண்ணி. நீங்க வந்த அன்னிக்குத் தொட்டியில இருந்தது எங்க பங்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் உறைத்தது. போர்ட் பிளேயருக்குத் தண்ணீர் தருவது தனிக்காரி அணை. வருடத்துக்கு மூவாயிரம் மில்லிமீட்டர் மழை பெய்கிற ஊர், நம் பக்கத்தைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆனாலும் செங்குத்தான மலைச்சரிவு. பெய்தது பெய்தபடி கடலுக்கு ஓடிவிடும். தைக்குப் பிறகு மழை நின்றால் அணை இறங்கத் தொடங்கும். டிரம்மை எப்படி வெள்ளைத் துணி கட்டி நிரப்புவது, துவைத்த தண்ணீரை எதற்கு, அரிசி களைந்ததை எதற்கு, கூரை மழைநீரைப் பீப்பாயில் பிடிப்பது எப்படி என்று அம்மா ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்தார். "கம்ப்யூட்டர் இல்லாம நாலு நாள் இருந்துரலாம்" என்று ஒரு நாள் சொன்னார். மீதியைச் சொல்லவில்லை.

மின்சாரமும் அப்படித்தான். அங்கே பெரும்பகுதி டீசலில் ஓடும் மின்சாரம். டீசல் கப்பலில் வருகிறது. 2020-ல் நம் நெய்வேலி என்.எல்.சி. நிறுவனம் அங்கே இருபது மெகாவாட் சூரிய மின்நிலையத்தை மின்கலத்தோடு அமைத்தது. நல்ல தொடக்கம். ஆனாலும் என் கணினியும் குளிர்சாதனமும் ஓடிய ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கடலில் ஒரு கப்பல் எரிபொருள் சுமந்து வந்திருக்கிறது. குளிர்சாதனத்தை இரண்டாம் வருடம் விற்றுவிட்டேன்.

கப்பல் என்றதும் அங்கே ஊர் முகமே மாறும். சென்னையிலிருந்து மூன்று நாள் பயணம். ஹட்டோ துறையில் மெயின்லேண்ட் கப்பல் கட்டியதும் வெங்காய விலை இறங்கும். கடல் கொந்தளித்து ஒரு கப்பல் தாமதமானால் ஏறும். 2016 டிசம்பர் முதல் வாரத்தில் ஹேவ்லாக், நீல் தீவுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள். கடற்படைக் கப்பல்கள் போய்த்தான் மீட்டன. அவர்களைச் சிக்கவைத்த புயல் சின்னம்தான் மேற்கே நகர்ந்து வர்தா புயலாகி, டிசம்பர் 12-ஆம் தேதி சென்னையைத் தாக்கியது. பொன்னேரி பக்கமும் நம் ஊரிலும் மரம் சாய்ந்து, வாரக்கணக்கில் கரண்டு இல்லாமல் கிடந்தோமே, அதே புயல். கடல் இரண்டு கரையையும் ஒன்றாகத்தான் நடத்துகிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும், வேலை நேரம். போர்ட் பிளேயர் நம் ஊரைவிடக் கிழக்கே ஏறக்குறைய பன்னிரண்டரை பாகை. சூரியன் நமக்கு ஐம்பது நிமிடம் முன்னால் அங்கே உதிக்கும். ஆனால் கடிகாரம் ஒன்றுதான், இந்திய நேரம். மார்கழியில் மாலை ஐந்து மணிக்கு அங்கே விளக்கு வைத்துவிடுவார்கள். இங்கே கம்பெனி ஆறு மணி வரை நடக்கும். ஒன்பது மணிக்கு இங்கே வேலை ஆரம்பிக்கும்போது எனக்கு உச்சிப்பொழுது நெருங்கிய மாதிரி இருக்கும். முதல் வருடம் உடம்பு தடுமாறியது. பிறகு விடியற்காலை நாலரைக்கு எழுந்து, வெளிச்சத்தில் வரைந்து, ஒன்பதுக்கு முன் பாதி வேலையை முடிக்கப் பழகிக்கொண்டேன். தொலைவிலிருந்து வேலை பார்க்கிற எவருக்கும் நான் சொல்வது இதுதான். சம்பளம் தரும் ஊரின் கடிகாரத்தில் வேலை பாருங்கள், வசிக்கும் ஊரின் சூரியனில் தூங்குங்கள். இரண்டையும் ஒரே ஊரின் கணக்கில் வைக்க முயன்ற சிலர் நோயாளிகளாகத் திரும்பினார்கள், பார்த்தேன்.

இடம் பற்றியும் பேச வேண்டும். அந்தமான் நிக்கோபாரின் நிலத்தில் எண்பது சதவீதத்துக்கும் மேல் காடு. அதில் ஜாரவா, ஓங்கே, சென்டினல் மக்களின் காப்பகங்கள். 1956-லிருந்து அதற்கென்றே சட்டம் இருக்கிறது, அங்கே நாம் நுழையக் கூடாது. மீதியிருக்கும் சிறு நிலத்தில்தான் வீடு, வயல், பள்ளி, கடை எல்லாம். நிரந்தரவாசிகளுக்கு ஐலேண்டர் கார்டு என்று ஒன்று உண்டு. கப்பல் கட்டணத்தில் சலுகை கிடைக்கும். எனக்குக் கடைசி வரை அது கிடைக்கவில்லை. கிடைக்காமல் இருந்ததே சரி என்று நினைக்கிறேன். காரணம் சொல்கிறேன். கச்சால் தீவில் ரப்பர் தோட்டத்துக்கு இலங்கையிலிருந்து திரும்பிய தமிழர்களைக் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள், 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தைத் தொடர்ந்து. தேயிலைக் காட்டில் தலைமுறை தலைமுறையாக உழைத்து, பிறந்த நாட்டில் குடியுரிமை இல்லாமல், நடுக்கடல் தீவில் மறுபடி முதலிலிருந்து தொடங்கியவர்கள். 2004 டிசம்பர் 26 சுனாமி கச்சாலைக் கடுமையாகச் சிதைத்தது. அந்தக் குடும்பங்களில் ஒன்றில் வந்த ஒரு பெரியவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடித்திருக்கிறேன். அவருக்கும் எனக்கும் அந்தத் தீவில் ஒரே உரிமை என்று எப்படிச் சொல்வேன்?

கடைசியாக ஒரு நாள். 2023 ஜூலை 14. நாங்கள் ஊர் திரும்ப மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். மதியம் இரண்டே முக்கால் ஆகவில்லை, என் தம்பி இங்கே ஆரணி வீட்டு மொட்டை மாடியிலிருந்து வீடியோவில் அழைத்தான். ஸ்ரீஹரிக்கோட்டா இங்கிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள், உங்களுக்குத் தெரியும். சந்திரயான்-3 கிளம்பியது. இதற்கு நாலு வருடம் முன்பு, சந்திரயான்-2 போனபோதும் அழைத்திருந்தான். அன்றைக்கு அவன் "போயிடுச்சுண்ணே!" என்று கத்தியது எனக்கு இழுவையாக, விட்டுவிட்டுக் கேட்டது. இந்த முறை புகைக்கோடு, பக்கத்து மாடிப் பிள்ளைகளின் கூச்சல், என் அம்மா கொடியில் துணி எடுப்பது எல்லாம் அப்படியே என் உள்ளங்கையில் தெரிந்தன. வீட்டுக்கார அம்மாவையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

"உங்க ஊர்லேர்ந்தா தம்பி கெளம்புது?"

"ஊருக்குப் பக்கத்துல ஒரு தீவும்மா. பழவேற்காட்டு ஏரிக்கு அந்தாண்ட, ஆந்திராவுல."

"தீவா?" அம்மா கைபேசியைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அங்க முன்னாடி யாரு இருந்தா?"

அங்கே முன்பு சவுக்கும் தைலமரமும் வளர்த்து மதராசுக்கு விறகு அனுப்பினார்கள் என்றும், 1969-ல் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து, 1971 அக்டோபரில் முதல் சிறு ராக்கெட்டை விட்டார்கள் என்றும் சொன்னேன்.

"அது சரி. ஆளுங்க?"

"யானாதிங்கம்மா. காட்டுலயும் ஏரியிலயும் பொழச்சவங்க."

"அவங்க எங்க போனாங்க?"

"பல பேரு சூலூர்ப்பேட்டைப் பக்கம், ஏரிக்கரையில இருக்காங்க. மீன் புடிக்கிறாங்க, கூலிக்குப் போறாங்க."

அம்மா தலையை ஆட்டினார். புகைக்கோடு கலைந்து, படத்தில் நம் ஊர் வானம் மட்டும் இருந்தது. கைபேசியை என்னிடம் கொடுத்துவிட்டு, "இன்னிக்குத் தண்ணி வர்ற நாளு, டிரம்மு ரெண்டையும் ரொப்பி வச்சுட்டுக் கெளம்புங்க. அடுத்து வர்றவங்களுக்கு ஆவும்" என்றார்.

நிரப்பி வைத்துவிட்டுத்தான் வந்தேன்.